பாராட்டுவதும் ஒரு கடமையே!

(பத்தாம் வகுப்பு மாணவி, பட்டினச்சேரி)

முன்னுரை

சென்ற பருவத்தில் ஒரு நாள் எங்கள் தமிழாசிரியை வகுப்பில் ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்தார்கள். "உங்கள் ஊருக்குத் தொண்டு செய்தவர் ஒருவரின் பெயரை எழுதுங்கள். ஆண்டு விழா மேடையில் அவர்களுள் சிலரைப் பாராட்டலாம்" என்றார்கள். நான் ஐந்தே நிமிடத்தில் எழுதி முடித்து முதல் ஆளாக எழுந்து நின்றேன். எங்கள் ஊருக்குப் போகும் வழியில் உள்ள பயணியர் நிழற்குடையில் சலவைக் கல்லில் பொறித்திருக்கும் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

"இவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று ஆசிரியை கேட்டார்கள். "பெயர் போட்டிருக்கிறது, டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "நிழற்குடை கட்டிக் கொடுத்ததும் நல்ல காரியந்தான். ஆனால் அவர் பெயரைக் கல்லே சொல்லிக்கொண்டிருக்கிறது. கல் சொல்லாத பெயர் ஒன்றைத் தேடிக்கொண்டு வா" என்று தாளைத் திருப்பித் தந்தார்கள்.

அந்தத் தாளை நிரப்ப எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. ஊருக்கு உழைத்தவர்களை நாடும் மக்களும் எவ்வாறு சிறப்பிக்கிறார்கள், ஏன் சிறப்பிக்க வேண்டும், அதில் நம் பங்கு என்ன என்று அந்த மூன்று வாரங்களில் நூலகத்திலும் வீட்டிலும் நான் கற்றவற்றையே இக்கட்டுரையில் தருகிறேன்.

நம் முன்னோர் காட்டிய வழி

தொண்டு செய்தவரைப் போற்றுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. பழந்தமிழ் நாட்டில் மாடுதான் ஊரின் செல்வம். பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கப் போராடி உயிர் விட்டவனுக்கு ஊரார் நடுகல் நட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள் 2000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவற்றில் உள்ள எழுத்துகள் மிகச் சில. எந்த ஊர், என்ன நடந்தது, யாருடைய கல் என்பவை மட்டுமே அவற்றில் சொல்லப்படுகின்றன. புகழுரை ஒன்றும் இல்லை. ஆயினும் அந்த மனிதனின் பெயர் இருபது நூற்றாண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது.

நமது காரைக்காலையே எடுத்துக்கொள்வோம். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி இங்கே நடைபெறும் மாங்கனித் திருவிழாவைக் காணாதவர் நம்மில் யார்? வீதியில் ஊர்வலம் வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாங்கனிகளை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையை விரித்துப் பிடிக்கிறார்கள். பசியோடு வாசலுக்கு வந்த ஓர் அடியவருக்கு, கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றை எடுத்து அமுதுடன் படைத்த புனிதவதி என்னும் பெண்ணின் நினைவாக நடப்பதே அவ்விழா. அவரைத்தான் காரைக்கால் அம்மையார் என்று உலகம் போற்றுகிறது. அவர் கொடுத்தது ஒரு கனி. ஊர் இன்றும் கூடை கூடையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் இதில் ஓர் உண்மையைக் காணலாம். ஒருவர் செய்த செயலையே நாமும் செய்து காட்டுவதுதான் அவருக்குச் செய்யும் மிகச் சிறந்த சிறப்பு.

பட்டமும் விருதும்

வெள்ளையர் ஆட்சியில் 'சர்', 'ராவ் பகதூர்', 'திவான் பகதூர்' எனப் பல பட்டங்கள் வழங்கப்பட்டன. அரசுக்கு வேண்டியவர்களுக்கே அவை பெரும்பாலும் கிடைத்தன என்ற மனக்குறை மக்களிடம் இருந்தது. ஆகவே சுயமரியாதை உள்ளவர்கள் சிலர் அவற்றைத் திருப்பியும் கொடுத்தார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து 1919-இல் இரவீந்திரநாத் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். 1920-இல் காந்தியடிகள் தமக்கு அளிக்கப்பட்ட 'கெய்சர்-இ-ஹிந்த்' பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார்.

நாடு விடுதலை பெற்றபின் நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. படைத்துறைச் சிறப்பும் கல்விச் சிறப்பும் மட்டுமே விதிவிலக்கு. அப்படியானால் தொண்டு செய்தவர்களுக்கு நாடு எப்படி நன்றி சொல்வது? அதற்காக 1954-இல் பாரத ரத்னா, பத்ம விருதுகள் ஏற்படுத்தப்பட்டன. அதே 1954 நவம்பர் முதல் நாளில்தான் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நமது காரைக்காலும் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது என்பது நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தியாகும். பத்ம விருதுகள் 1955 முதல் பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்ம ஸ்ரீ என்ற பெயர்களைப் பெற்றன. 1977-இல் அவை நிறுத்தப்பட்டு 1980-இல் மீண்டும் வந்தன. 'இவையும் பட்டங்கள்தாமே?' என்று வழக்குத் தொடுக்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இவை பட்டங்கள் அல்ல, ஆனால் பெற்றவர்கள் இவற்றைத் தம் பெயருக்கு முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது தீர்ப்பு. விருது செயலுக்குத்தான், ஆளை மற்றவரினும் உயர்த்திக் காட்ட அன்று என்பதே இதன் பொருள்.

பத்ம விருதோடு பணம் தருவதில்லை. குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழும் ஒரு பதக்கமும் மட்டுமே தரப்படும். ஓர் ஆண்டில் வழங்கப்படும் விருதுகள், மறைந்தவர்களுக்கும் வெளிநாட்டில் வாழ்வோருக்கும் தருபவை நீங்கலாக, 120-க்கு மேற்படக் கூடாது. இவையன்றி நீரிலும் நெருப்பிலும் விபத்திலும் பிறர் உயிரைக் காப்பவர்களுக்கென்று 1961 முதல் 'ஜீவன் ரக்ஷா' பதக்கங்களும் உள்ளன. கடலோரத்தில் வாழும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது.

காரைக்காலில் 'செவாலியே' என்ற சொல்லைக் கேளாதவர் இரார். 1802-இல் நெப்போலியன் ஏற்படுத்திய பிரெஞ்சு நாட்டுச் சிறப்பு விருதின் முதற்படி அது. உயர்குடிப் பிறப்பைப் பாராமல், போர்வீரரும் பொதுமக்களும் தகுதியால் பெறக்கூடியதாக அது அமைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்காரச் செய்த செய்தி ஒன்றுண்டு. பத்ம விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைக்க அமைச்சராகவோ அதிகாரியாகவோ இருக்க வேண்டியதில்லை. குடிமக்கள் எவரும் பரிந்துரைக்கலாம். அவர் செய்த தொண்டை 800 சொற்களுக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டும். தோழியரே, எண்ணூறு சொற்கள் என்பது நாம் தேர்வுக்காக எழுதிப் பழகும் இரண்டு மூன்று கட்டுரைகளின் அளவுதான்! ஊருக்கு உழைத்தவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த நாம் அவர்களைப் பார்ப்பதில்லை. எத்தனையோ நற்செயல்கள் இந்த இடைவெளியில்தான் மறைந்து போகின்றன.

கீழத்தஞ்சை மண்ணில் ஒரு தாய்

விருது எப்படிப்பட்டவரைத் தேடி வரவேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டு நமக்கு அருகிலேயே இருக்கிறது. அவர்தாம் திருமதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்கள்.

இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், சொந்த நிலமில்லாத தலித் குடும்பமொன்றில் 1926-இல் பிறந்தவர் அவர். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதாயிருந்த அக்காலத்தில் மதுரையில் கல்லூரிப் படிப்பு வரை சென்றார். காந்திய வழியில் ஈடுபட்டு, வசதியான குடும்பத்தில் பிறந்தும் எல்லாவற்றையும் துறந்து தொண்டுக்கு வந்த ஜெகந்நாதன் அவர்களை 1950-இல் மணந்தார். நிலமுள்ளோரிடம் நிலம் கேட்டு இல்லாதோர்க்கு வழங்கிய வினோபா பாவே அவர்களின் பூமிதான இயக்கத்தில் இருவரும் உழைத்தனர்.

1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு நாள். உலகெங்கும் சமாதானப் பாடல்கள் ஒலித்த அந்த நாளின் இரவில், கீழத்தஞ்சையின் கீழவெண்மணிச் சிற்றூரில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவ்வூர் எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. செய்தி கேட்டு அங்கு வந்தவர்கள் பலர். பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் பலர். கிருஷ்ணம்மாள் அவர்களோ வந்தவர், இந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்.

உழுகிறவனுக்கு நிலம் இல்லாததே கொடுமையின் வேர் என்று அவர் கண்டார். 1981-இல் கணவரும் அவரும் 'உழுவோர் நில உரிமை இயக்க'த்தைத் தொடங்கினர். 'லாப்டி' என்றால் நாகை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். நிலக்கிழாரோடு பேசி நியாயமான விலைக்கு நிலம் கேட்பது, வங்கிக் கடனுக்கும் அரசின் உதவிக்கும் வழி செய்வது, குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுப்பது என்பது அவர்கள் கைக்கொண்ட முறை. வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. பேச்சும் பொறுமையும் நடையுந்தான். இவ்வாறு 2008-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 13,000 குடும்பங்கள் நிலம் பெற்றிருந்தன. குடிசைகளுக்குப் பதிலாக நல்ல வீடுகள் கட்டித் தரும் பணியையும் அவர் தொடர்ந்தார்.

1989-இல் அவருக்குப் பத்ம ஸ்ரீ விருது கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 'போதும்' என்று அமர்ந்தாரா? இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் கடலோரமெங்கும் பரவின. உப்புநீர் வயலிலும் குடிநீரிலும் கலந்தது. மீனவர் கடற்கரைக்குப் போகும் பாதைகளும் அடைபட்டன. அதை எதிர்த்து இத்தம்பதியர் அறப்போர் நடத்தினர். ஜெகந்நாதன் அவர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. அத்தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. 2005-இல் வந்த புதிய சட்டம் அப்பண்ணைகளுக்கு மீண்டும் வழிவிட்டது. ஆயினும் கடலோர ஏழைகளின் குரலும் தில்லி வரை கேட்கும் என்பதை அவ்வழக்கு காட்டியது.

'மாற்று நோபல் பரிசு' என்று அழைக்கப்படும் சுவீடன் நாட்டு விருது 2008-இல் இருவருக்கும் கிடைத்தது. 2013-இல் ஜெகந்நாதன் அவர்கள் காலமானார். 2020-இல் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணம்மாள் அவர்களுக்கு வயது 93. ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். வெண்மணிக்குப் பின் முதல் பத்ம விருது வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இருபது ஆண்டுகளும் அவர் கைதட்டலுக்குக் காத்திருக்கவில்லை. விருது வந்தபின் அதை ஓய்வூதியமாக எண்ணவும் இல்லை.

மாலையும் கூரையும்

மதுரையை அடுத்த புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். கூலி வேலை செய்து பிழைத்தவர். ஏழைப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேமித்துத் தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் 'களஞ்சியம்' குழுக்களைக் கட்டி வளர்த்தார். வட்டிக் கடையின் வாசலில் நின்ற பெண்கள் தம் கால்களில் நிற்கக் கற்றுக்கொண்டார்கள். 2001 ஜனவரியில் தில்லியில் நடந்த விழாவில் 'ஸ்திரீ சக்தி' விருதை வழங்கிய பிரதமர் வாஜ்பாய் அவர்கள், விருதைக் கொடுத்ததோடு நில்லாமல் குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டு வணங்கினார். 2019-இல் அவருக்குப் பத்ம ஸ்ரீயும் கிடைத்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024-இல், தமக்குச் சொல்லப்பட்ட வீடு இன்னும் வந்து சேரவில்லை என்று அவர் வருந்தியது செய்தியாயிற்று. அதன் பிறகே தமிழக அரசு அவருக்கு நிலமும் வீடும் வழங்க ஆணையிட்டது. காலைத் தொட்டு வணங்கிய படத்தை நாடு முழுவதும் பார்த்தது. அவர் தலைக்கு மேல் கூரை எப்படியிருக்கிறது என்று பார்க்க மட்டும் நாம் மறந்துவிட்டோம். பாராட்டு ஒரு நாள் விழாவாக முடிந்தால் இப்படித்தான் ஆகும். மாலை மறுநாள் வாடிவிடும். மாலை போட்டவர்களின் பொறுப்பு மறுநாள்தான் தொடங்குகிறது.

ஒரு விருது, பல கைகள்

நமது புதுச்சேரி மாநிலத்தின் நல்லவாடு மீனவ கிராமத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் பேரலைச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஒரு தகவல் மையம் இயங்கி வந்தது. ஊரார் பூட்டை உடைத்து உள்ளே சென்று, மீனவருக்கு வானிலை சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். ஊரே மேட்டுப் பக்கம் ஓடியது. வீடுகளும் படகுகளும் அழிந்தன. 3,600-க்கு மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர்.

இங்கே யாருக்கு மாலை போடுவது? தொலைபேசியில் பேசியவருக்கா, பூட்டை உடைத்தவருக்கா, ஒலிபெருக்கியில் கூவியவருக்கா, நடக்க முடியாத கிழவியைத் தூக்கிச் சென்றவருக்கா? விருது ஒருவர் கழுத்தில் விழுகிறது. தொண்டோ பல கைகளால் நடக்கிறது. ஆகவே ஒருவரைப் பாராட்டும்போது அவருடன் நின்றவர்களையும் சொல்வதே நேர்மை.

இன்னொரு செய்தி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கினர். அங்கே இருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள் உள்ளிட்ட மூன்று பெண்கள் சற்றும் தயங்காமல் தம் புடவைகளைக் களைந்து நீரில் வீசி இருவரை மீட்டனர். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழக அரசு அம்மூவருக்கும் துணிவுக்கான கல்பனா சாவ்லா விருதை அளித்தது. எல்லோரையும் காப்பாற்றியவருக்குத்தான் விருது என்றால் உலகில் யாருக்குமே விருது கிடைக்காது. முடிந்ததைச் செய்தவரே போற்றத்தக்கவர். இந்தச் செய்தியை நான் ஏன் இங்கே குறித்தேன் என்பது இக்கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

வலக்கையும் இடக்கையும்

இங்கே ஓர் ஐயம் எழலாம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று மறைக்கல்வி வகுப்பிலும் நன்னெறி வகுப்பிலும் நாம் கேட்டிருக்கிறோம். தொண்டு செய்கிறவர் புகழை விரும்பக் கூடாதென்றால் நாம் ஏன் மேடை போட்டுப் பாராட்ட வேண்டும்?

இந்த ஐயத்தை ஓர் அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர்கள் எனக்கு நற்செய்தி நூல்களிலிருந்து வேறொரு நிகழ்ச்சியை நினைவூட்டினார்கள். இயேசுவிடம் பத்துத் தொழுநோயாளர்கள் நலம் பெற்றார்கள். நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவரே. மற்ற ஒன்பது பேர் எங்கே என்று அவர் கேட்டார். "கொடுத்தவருக்குச் சொன்ன அறிவுரை வேறு, பெற்றவரிடம் கேட்ட கேள்வி வேறு. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன" என்றார்கள் சகோதரி.

வள்ளுவப் பெருந்தகையும் செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆகவே செய்தவர் மறந்துவிடலாம். பெற்றவர் மறக்கக் கூடாது. அன்னை தெரேசா அவர்களுக்கு 1979-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டபோது, வழக்கமான விருந்தை நிறுத்தி அச்செலவை ஏழைகளுக்குத் தருமாறு கேட்டுக்கொண்டார்கள். உலகம் பாராட்டியது, அது உலகின் கடமை. அன்னை அப்பாராட்டை ஏழைகளின் பக்கம் திருப்பிவிட்டார்கள், அது அவர்களின் பெருமை.

எங்கள் தெருவில்

இனி என் துண்டுத் தாளுக்கு வருகிறேன். 'கல் சொல்லாத பெயர்' கேட்டு என் அப்பாயியிடம் போனேன். வலைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், "ஏன், உன் அண்ணனைத் தூக்கிக்கிட்டு ஓடுனவளை விடவா?" என்றார்.

சுனாமியின்போது யாரோ அண்ணனைக் காப்பாற்றினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த 'யாரோ' யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பாயி சொன்ன பிறகுதான் தெரிந்தது. எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மாதான் அவர்! கூடையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாக மீன் விற்பவர். சாக்கடைத் தண்ணீர் அவர் வாசலில் தேங்குவது பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை வந்து, இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நானும் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்குப் போயிருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். இரண்டு வயது அண்ணன் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தான். கடல் எழுந்து வருவதைக் கண்ட பெரியம்மா எங்கள் வீட்டுக்குள் புகுந்து அண்ணனை வாரிக்கொண்டு மேற்கே திருமலைராயன்பட்டினம் சாலைப் பக்கம் ஓடினார். அம்மாவை யாரோ இழுத்துப்போய் மாடியில் ஏற்றிவிட்டார்கள். மாலையில்தான் தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் கண்டார்கள்.

நான் கூச்சத்தோடு பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் கூடையைக் கழுவிக்கொண்டே, "எம் பேரை எழுதாத கண்ணு" என்றார். "ஏன் பெரியம்மா?" என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒண்ணைத் தூக்கினேன், ஒண்ணை விட்டேன். எம் மாமியா படுத்த படுக்கையா உள்ள கெடந்துச்சு. ரெண்டு பேரைத் தூக்க எனக்குக் கையில்ல" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பெரம்பலூர்ப் பெண்களின் கதையைச் சொன்னேன். நால்வரில் இருவரைத்தான் அவர்களால் மீட்க முடிந்தது என்பதையும், ஆயினும் நாடு அவர்களை வணங்கியதையும் சொன்னேன். பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைங்களுக்கும் ராத்திரி தூக்கம் வராது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்த அன்று, அம்மா அவனை அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பொன்னாடை இல்லை, மாலை இல்லை. அண்ணன் குனிந்து பெரியம்மாவின் காலைத் தொட்டான். அவர் அவன் முகத்தை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்து, "மீசையெல்லாம் மொளைச்சிடுச்சே" என்றார். அம்மா அழுதார். பெரியம்மாவும் அழுதார். மறுநாள் காலை அப்பா குழாய் வாங்கி வந்து, அந்தச் சாக்கடைத் தண்ணீர் வாசலில் தேங்காதபடி பதித்துக் கொடுத்தார்.

எங்கள் குடும்பம் வழங்கிய விருது அந்தக் குழாய்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக வழங்கிய விருது.

முடிவுரை

தோழியரே! கல்வி நமக்கு எழுத்தைக் கொடுத்திருக்கிறது. நம் ஊர்களில் நற்செயல் புரிந்தவர்கள் பலரிடம் அது இல்லை. ஆகவே அவர்களுக்காக எழுத வேண்டியவர்கள் நாம்தான். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, 'நம் தெருவில் யாருக்கு நாம் நன்றிக் கடன்பட்டிருக்கிறோம்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விடையை நடுகல்லில் எழுதியதுபோல் எழுதி வையுங்கள். ஊர், செயல், பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். தகுதியுடையவரென்றால் எண்ணூறு சொற்களாக விரித்து அரசுக்கும் அனுப்புங்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகள் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். ஒரு சண்டையால் ஒரு நன்றி மூடிப்போகுமானால் அதைத் திறந்துவிடுங்கள்.

பாராட்டும்போது மேடையோடு நின்றுவிடாமல், அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, வாசலில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பார்ப்போம். அவர் செய்ததைப் போல நாமும் ஒன்றைச் செய்வோம்.

என் துண்டுத் தாளை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டேன். பெயர் எழுதும் இடத்தில் 'பெயர் வேண்டாம் என்றவர்' என்று எழுதினேன். அதன் கீழே அவர் செய்ததை எழுதினேன். ஆசிரியை படித்துவிட்டு என்னைத் தட்டிக் கொடுத்து, தாளைத் தம் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். ஆண்டு விழாவுக்குப் பெரியம்மா வரமாட்டார். அன்று மாலை மீன் விற்கப் போக வேண்டுமாம். ஆனால் இந்த மலர் அச்சாகி வந்ததும், இந்தப் பக்கத்தை அவருக்கு நான் வாசித்துக் காட்டுவேன்.